தெரியும், முடியாது

பெரியபட்டினத்தில் என் மாமா ஒருவர் இருக்கிறார். அந்தக் காலத்தில் சங்கு குளித்தவர். இப்போது காது மந்தம், மூச்சும் நிற்பதில்லை. யாராவது கடலுக்குக் கூப்பிட்டால், "குளிக்கத் தெரியும்டா, முடியாது" என்பார்.

இந்த மூன்று சொல்லில் இருப்பதை, காசு கட்டிச் சேர்ந்த ஸ்பானிஷ் வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அங்கே முதல் வாரமே பலகையில் எழுதிவிட்டார்கள்: 'கேன்' என்றால் 'பொதேர்'. "எனக்கு நீந்தத் தெரியும்" என்ற பொருளில் "புவெதோ நதார்" என்று எழுதினேன். சிவப்பு மை. "ஸே நதார்" என்று வரணுமாம். கேட்டால், விதிவிலக்கு, மனப்பாடம் பண்ணுங்க என்றார்கள்.

என்ன விதிவிலக்கு? ஸ்பானிஷில் 'ஸபேர்' என்றால் தெரிதல், 'பொதேர்' என்றால் முடிதல். கற்ற வித்தையையும் உடம்பின் தெம்பையும் 'கேன்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது ஆங்கிலம். நமக்கு அந்தச் சாக்கே தேவையில்லை. மாமா சொன்னது அப்படியே வருகிறது: "ஸே புஸேஆர், பெரோ யா நோ புவெதோ." 'நீந்த'வோடு 'தெரியும்' நேராக ஒட்டுகிற மாதிரிதான் 'ஸே'யும் 'நதார்' என்பதோடு ஒட்டுகிறது, நடுவில் 'எப்படி' எதுவும் வேண்டாம். வகுப்பில் பாதிப் பேர் தமிழர்கள். கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு, அதையே பிறகு விதிவிலக்கு என்று திருப்பி விற்கிறார்கள்.

1549 வாக்கில், முத்துக்குளித்துறைக் கடற்கரையில் மறைப்பணி செய்த என்ரிக்கே என்ரிக்கஸ் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். சட்டகம் லத்தீன்தான், ஆனால் விளக்கியது போர்த்துக்கீசிய மொழியில். அந்த மொழியிலும் இதே ஸபேர், பொதேர் உண்டு. தன் மொழியிலிருந்து தமிழுக்கு வர அவருக்கு வெட்கமில்லை. ஐந்நூறு வருஷம் ஆகப்போகுது, நாம் இன்னும் லண்டன் வழியாகத்தான் மாட்ரிட் போகிறோம்.

உடனே யாரும் ஸ்பானிஷுக்குத் தாய் தமிழ் என்று வாட்ஸ்அப்பில் கிளம்ப வேண்டாம். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நமக்கு 'எனக்கு, உனக்கு' மாறினால் போதும், 'தெரியும்' மாறாது. அங்கே வினையே மாறும்: ஸே, ஸபேஸ், புவெதோ, பொதேமோஸ். அப்புறம் அனுமதி. "உள்ளே வரலாமா?" என்பதில் நாம் 'முடியுமா'வைத் தொடுவதே இல்லை. ஸ்பானிஷில் அதற்கும் 'புவெதோ'தான். தமிழ்ப் பிள்ளை தடுக்கி விழுகிற இடம் இதுதான். எங்கள் வகுப்பில் இதை அரை நிமிஷத்தில் தாண்டிப் போனார்கள், ஆங்கிலக்காரனுக்கு இங்கே தடுக்காது என்பதால்.