அந்நியப் பேய்களை வரைந்த கைகள்

2008இல், தம் 68ஆம் வயதில், பிலிப்பைன்ஸின் மூத்த சித்திரக்கதை ஓவியர் அலெக்ஸ் நின்யோ ‘டெட் அஹெட்’ என்ற திகில் கதைக்குப் படம் வரைந்தார். அமெரிக்காவின் இமேஜ் காமிக்ஸ் வெளியீடு. செத்தவர்கள் எழுந்து நடமாடும் ஜோம்பிக் கதை. கதையை எழுதியவர்கள் வேறு. இப்படியொரு ஓவியருக்கு முதுமையிலும் வாய்த்தது அமெரிக்கத் திரைப்படங்கள் வளர்த்த பேய்தானா என்ற ஆற்றாமை நமக்கு இருக்கிறது.

நின்யோவின் பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆற்றாமை புரியும். கட்டம் கட்டமாகக் கதை சொல்லும் வழக்கத்தை அவர் மதிப்பதே இல்லை. ஒரு கட்டத்தின் விளிம்பு இன்னொரு உருவத்தின் முதுகெலும்பாக நீளும். வேர் என்று நினைத்துப் பின்தொடர்ந்தால் அது ஒரு கையாக மாறி, விரல்நுனியில் ஒரு முகம் முளைத்திருக்கும். எங்கே பார்ப்பது என்று கண் தடுமாறுகிற அந்தத் தடுமாற்றத்திலேயே பயம் தொடங்கிவிடுகிறது. இரத்தமோ கோரைப்பல்லோ வேண்டியதில்லை. அவர் வரைந்த அமெரிக்காவின் வாரன் நிறுவன இதழ்கள் கறுப்பு வெள்ளையில் வந்ததால் இந்தக் கோடுகள் பிழைத்தன. டி.சி. நிறுவனத்தின் மலிவான வண்ண அச்சோ இவரைப் போன்றவர்களின் நுண்கோடுகளைச் சாயத்தில் அமுக்கிவிட்டது.

பிலிப்பைன்ஸ் ஓவியர்களுக்கு டி.சி.யின் கதவு திறந்தது 1971இல். 1954இல் வந்த தணிக்கை விதி அமெரிக்கச் சித்திரக்கதைகளிலிருந்து இரத்தக்காட்டேரிகளை விரட்டியிருந்தது. 1971இல் அது தளர்ந்ததும் திகில் இதழ்கள் பெருகின; வரைய ஆள் போதவில்லை. முன்பே நியூயார்க்கில் கால் ஊன்றியிருந்த பிலிப்பைன்ஸ் ஓவியர் டோனி டெசுனிகாவின் வழிகாட்டலில் டி.சி.யைச் சேர்ந்த கார்மைன் இன்ஃபான்டினோவும் ஜோ ஓர்லாண்டோவும் மணிலாவுக்கே போய் ஓவியர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். திறமை ஒரு காரணம். அமெரிக்க ஓவியருக்குத் தருவதைவிடக் குறைந்த கூலியில் பக்கம் கிடைத்ததும் ஒரு காரணம். அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. நெஸ்டர் ரெடொண்டோ, அல்ஃப்ரெடோ அல்காலா, நின்யோ எனப் பலர் ‘ஹவுஸ் ஆஃப் மிஸ்டரி’ போன்ற இதழ்களை நிரப்பினார்கள். 1974இல் பெர்னி ரைட்சன் விட்டுப்போன ‘ஸ்வாம்ப் திங்’ தொடரை ரெடொண்டோ ஏற்றார்.

இவர்கள் அமெரிக்காவிடம் தொழில் கற்றவர்கள் அல்லர். பெட்டிக்கடையில் காசு கொடுத்து வாடகைக்கு எடுத்து, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டுத் திருப்பித் தரும் வாசகர்களை வளர்த்த பெரிய சித்திரக்கதை மரபு அவர்களுடையது. அல்காலா 1963இலேயே ‘வோல்டார்’ சித்திரக்கதையைப் படைத்துவிட்டார். அந்தக் கைகளைத்தான் டிரான்சில்வேனியக் கோட்டைகளையும் நியூ இங்கிலாந்துக் கல்லறைகளையும் வரைய வைத்தார்கள்.

பிலிப்பைன்ஸ் மண்ணில் பேய்க்கு என்ன பஞ்சம்? மனனங்கல் என்னும் பெண்பேய் இரவில் இடுப்போடு இரண்டாகப் பிரிவாள். கீழ்ப்பாதி தோப்புக்குள் நிற்கும். வௌவால் சிறகு விரித்த மேல்பாதி கூரைமேல் இறங்கி, கர்ப்பிணியின் வயிற்றை நோக்கி நூல் போன்ற நாக்கை விடும். நின்றிருக்கும் கீழ்ப்பாதியில் உப்பையோ சாம்பலையோ தூவினால் விடிவதற்குள் அவளால் சேர முடியாது.

அஸ்வாங் எனும் இந்தப் பேயினத்தின் மீது மக்களுக்கிருந்த அச்சத்தின் விலையை அமெரிக்க இராணுவம் நன்றாகவே அறிந்திருந்தது. 1950களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸின் ஹுக் கிளர்ச்சியாளர்களை ஒடுக்க உதவிய அமெரிக்க அதிகாரி எட்வர்ட் லான்ஸ்டேல், தம் நினைவுக்குறிப்பில் அதைத் தாமே எழுதியிருக்கிறார். மலையில் அஸ்வாங் உலவுகிறது என்று முதலில் வதந்தி பரப்பினார்கள். பிறகு இரவில் நடந்துபோன கிளர்ச்சியாளர் அணியின் கடைசி ஆளைப் பிடித்து, கழுத்தில் இரண்டு துளையிட்டு, தலைகீழாகத் தூக்கி இரத்தத்தை வடித்து, பிணத்தைப் பாதையிலேயே போட்டார்கள். கிளர்ச்சியாளர்கள் அந்த இடத்தைக் காலி செய்தார்கள். ஒரு மக்களின் பேயை அவர்கள் மீதே ஏவிய இந்த வரலாற்றைப் படித்த பிறகு, அந்தப் பேயை அந்நாட்டு ஓவியன் தன் கதைக்குள் மீட்டெடுப்பதை வெறும் பொழுதுபோக்காக நம்மால் பார்க்க முடியவில்லை.

அந்த மீட்பை ‘ட்ரேஸ்’ என்ற சித்திரக்கதை செய்தது. விளம்பரத் துறையில் வேலை பார்த்த பட்ஜெட் டானும் காஜோ பால்டிசிமோவும் 2005இல் அதை ஜெராக்ஸ் பிரதிகளாகத்தான் தொடங்கினார்கள். முதல் கதையிலேயே, பாலேடே சாலையில் உலவுவதாகப் பெயர்பெற்ற வெள்ளுடைப் பெண் பேய் கொலையாகிக் கிடக்கிறது. துப்பறிய வந்த அலெக்ஸாண்ட்ரா ட்ரேஸ் சாக்கடை மூடியருகே குனிந்து, புற்றுக்குள் வாழ வேண்டிய குள்ளப் பூதத்திடம் விசாரிக்கிறாள். நகரம் பெருத்துப் புற்று அழிந்ததும் பூதம் சாக்கடைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. இதை நினைத்துப் பார்க்க மணிலாவில் வாழ்ந்த மனம் வேண்டும். பால்டிசிமோவிடம் ரெடொண்டோவின் நளினம் இல்லை. அப்பிய கறுப்பிலிருந்து முகத்தைப் பிடுங்கி எடுக்கும் முரட்டுத்தனம் இருக்கிறது. இந்தக் கதைக்கு அது பொருந்துகிறது. 2021இல் நெட்ஃபிளிக்ஸ் இதைத் தொடராக்கியது.

புதியவர்கள் வந்துவிட்டார்கள் என்று மூத்தவர்களின் சொந்த மண் கதைகளை விட்டுவிட முடியாது. அவை அச்சான மட்டமான தாள் நொறுங்கிக்கொண்டிருக்கிறது. பிரான்சிஸ்கோ கோச்சிங் 1950களில் படைத்த ‘எல் இண்டியோ’ தொடரை ஓவியர் ஜெரி அலங்கிலான் பக்கம் பக்கமாகச் சீரமைத்தார், 2009இல் அது நூலாக வந்தது. 2019இல் அலங்கிலான் இறந்துவிட்டார். அதே உழைப்பைப் பழைய திகில் தொடர்களுக்கும் கொடுக்க அங்குள்ள பதிப்பகங்களும் நூலகங்களும் முன்வர வேண்டும், தாள் மிஞ்சியிருக்கும்போதே.