எட்டு பதினெட்டானது!

2017-ம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இக்கான் பார்க் என்ற மைதானத்தின் கதவுகளை இழுத்துச் சாத்திவிட்டார்கள். உள்ளே 24,568 பேர். இனி ஒரு குஞ்சு குளுவானுக்குக்கூட இடமில்லை! வெளியே இன்னும் கூட்டம், கைக்குழந்தையும் கையுமாக. லீக்கின் தலைமை அதிகாரி கில்லன் மெக்லாக்லன் தாமே வாசலுக்கு வந்து, "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்.

எதற்கு இத்தனை கூட்டம் என்கிறீர்களா? பெண்கள் புட்பால் ஆடுவதைப் பார்க்க! அதுவும் நாம் அறிந்த புட்பால் இல்லை, சகோதரிகளே. ஆஸ்திரேலியாவுக்கே உரிய புட்பால்.

கிரிக்கெட் மைதானம் போன்ற பெரிய வட்ட மைதானம். உரித்த தேங்காயைக் கொஞ்சம் நீட்டினாற்போல ஒரு பந்து. இரண்டு கோடியிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 பாயிண்ட். பக்கத்துக் கம்பங்களுக்கு இடையே போனால் 1 பாயிண்ட். பந்தைக் கையால் எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து மறு கையால் குத்தித் தள்ளலாம். எதிராளியைக் கட்டிப் பிடித்துக் கீழே சாய்க்கலாம். உதைத்து வரும் பந்தை எம்பிக் குதித்து, அடுத்தவர் தோளுக்கு மேலே போய்ப் பிடிப்பதுதான் இந்த ஆட்டத்தின் அழகே. ஆண்கள் பக்கத்துக்கு 18 பேர் ஆடுகிறார்கள். பெண்களுக்கு 16 பேர், பந்தும் ஒரு சுற்று சின்னது.

இதற்கு முன் அந்த ஊர்ப் பெண்கள் ஆடவே இல்லையா? ஆடினார்கள். விக்டோரியா மாநிலத்தில் 1981-லேயே பெண்களுக்கென்று ஒரு லீக் தொடங்கியாச்சு. ஆனால் காசும் கிடையாது, கவனிப்பாரும் கிடையாது. சின்ன வயதில் பையன்களோடு சேர்ந்து ஆடலாம். கொஞ்சம் வளர்ந்ததும், "போதும், வீட்டுக்குப் போ" என்பார்கள். அப்படிச் சொன்னதைப் பொறுக்காமல் மூன்று சிறுமிகள் வழக்கே போட்டார்கள். 2004-ல் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் பெண் குழந்தைகளுக்கென்று தனிப் போட்டிகள் சூடு பிடித்தன. அந்த மூவரில் ஒருத்தியான பென்னி குலா-ரீட், 2017-ல் காலிங்வுட் அணியில் இறங்கி ஆடினாள்.

எரின் பிலிப்ஸ் கதையும் இப்படித்தான். அப்பா கிரெக் பிலிப்ஸ் பெயர் பெற்ற புட்பால் வீரர். மகளுக்கும் ஆட்டம் ரத்தத்தில் ஊறியது. ஆனால் பதின்மூன்று வயதுக்குமேல் ஆட வழியில்லை. கூடைப்பந்துக்குப் போனாள். அமெரிக்காவில் ஆடினாள், 2008 ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கமும் வாங்கினாள். பெண்கள் லீக் வந்தபோது வயது 31. திரும்பி வந்து, முதல் வருஷமே லீக்கின் தலைசிறந்த வீராங்கனை என்ற பரிசைத் தட்டிக்கொண்டு போனாள். இடையில் போன பதினெட்டு வருஷத்தை யார் திருப்பித் தருவது?

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். இந்த லீக் 2020-ல்தான் தொடங்குவதாக இருந்தது. உற்சாகத்தில் மூன்று வருஷம் முன்னதாகவே தொடங்கிவிட்டார்கள். 2017-ல் 8 அணிகள். 2019-ல் 10. 2020-ல் 14. 2022-ல் 18! ஆண்களின் லீக்கில் உள்ள பதினெட்டு கிளப்புகளுக்கும் பெண்கள் அணி வந்துவிட்டது.

ஆண்கள் லீக் 1897-ல் ஆடத் தொடங்கியபோதும் 8 அணிகள்தான். அது பதினெட்டாக எத்தனை காலம் பிடித்தது தெரியுமா? 2012 வரை, அதாவது 115 வருஷம்! பெண்கள் அந்தத் தூரத்தை ஆறு வருஷத்துக்குள் ஓடிவிட்டார்கள். ஒரே கோடையில் நாலு விரல்கடை வளர்ந்துவிடும் பெண்ணைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பாவாடை எட்டாது, செருப்பு பற்றாது, ராத்திரி கால் வலிக்கிறது என்று அழும். அந்தக் கதைதான் இங்கேயும்.

முதல் கஷ்டம் ஆள் பற்றாக்குறை. எட்டுப் பேருக்கு வைத்த சாம்பாரைப் பதினெட்டுப் பேருக்குப் பரிமாற வேண்டுமானால் என்ன செய்வோம்? தண்ணீர்தான் ஊற்றுவோம். ஒரு அணிக்கு 30 பேர் என்றால் பதினெட்டு அணிக்கு 540 பேர் வேண்டும். சின்ன வயது முதல் முறையாகப் பழகிய பெண்கள் அத்தனை பேருக்கு எங்கே போவது? கூடைப்பந்து, நெட்பால், ஓட்டப் பந்தயம் என்று பல ஆட்டங்களிலிருந்தும் ஆள் சேர்த்தார்கள். ஏற்கெனவே இருந்த அணிகளிலிருந்து நல்ல ஆட்டக்காரிகளைப் புது அணிகள் இழுத்துக்கொண்டன. 2022-ல் புதிதாக வந்த சிட்னி அணி, ஆடிய 10 ஆட்டங்களில் ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. பார்த்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஆனால் அடுத்த வருஷமே அதே அணி இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்து ஒரு ஆட்டத்தை ஜெயித்தும் காட்டியது. கூடவே புதிதாக வந்த போர்ட் அடிலெய்டு 2024-ல் அரையிறுதியைத் தாண்டி முன்னேறியது. சாம்பார் மெதுவாகக் கெட்டியாகத்தான் செய்கிறது.

"கோலே விழுவதில்லை, இது ஒரு ஆட்டமா?" என்று கேலி செய்தவர்களும் உண்டு. 2018-ல் முதல் ஆட்டத்துக்குப் பிறகு, பந்தைச் சுற்றி எல்லோரும் மொய்க்காமல் தள்ளி நிற்கச் செய்யும்படி பயிற்சியாளர்களுக்கு லீக்கே குறிப்பு அனுப்பியது. சரி, ஆண்கள் தொடங்கிய காலத்தில் மட்டும் மழையாகப் பொழிந்ததா? 1899-ல் செயின்ட் கில்டா என்ற ஆண்கள் அணி ஒரு முழு ஆட்டத்தில் எடுத்தது எத்தனை தெரியுமா? ஒரே ஒரு பாயிண்ட்! அதைப் பார்த்து யாரும் ஆண்களுக்கு இந்த ஆட்டம் ஒத்துவராது என்று சொல்லவில்லை.

இரண்டாவது கஷ்டம் சம்பளம். 2017-ல் பெரும்பாலான பெண்களுக்குக் கிடைத்தது 8,500 டாலர். பெயர் பெற்ற சிலருக்கு மட்டும் 27,000. அந்தக் காசில் அங்கே குடித்தனம் நடக்காது. எனவே பகலில் டீச்சர், நர்ஸ், போலீஸ் வேலை. சாயங்காலம் பயிற்சி. ராத்திரி வீட்டு வேலை. இந்த மூன்று ஷிப்ட் கணக்கு நமக்குப் புதிதா என்ன! 2019-ல் லீக் கொண்டுவந்த ஒப்பந்தத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆட்டக்காரிகள் எதிர்த்து ஓட்டுப் போட்டதால் முதல் தடவை அது நிறைவேறவே இல்லை. அணிகளைக் கூட்டுகிறீர்களே, ஆட்டங்களைக் கூட்டினீர்களா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதானே? பேசிப் பேசித்தான் காரியம் நடந்தது. 2022-ல் குறைந்தபட்சச் சம்பளம் 20,239 டாலரிலிருந்து 39,184 ஆக ஏறியது. 2023-ல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து முதல் தடவையாக ஒரே ஒப்பந்தம் போட்டார்கள். அதன்படி 2027-ல் பெண்களின் சராசரிச் சம்பளம் 82,000 டாலர் ஆக வேண்டும்.

மூன்றாவது, காலம். முதலில் பிப்ரவரி, மார்ச்சில் வைத்தார்கள். அங்கே அது கொளுத்தும் கோடை. பிறகு ஆகஸ்டுக்கு மாற்றினார்கள். மாற்றிய அவசரத்தில், 2022-ல் ஒரே வருஷத்தில் இரண்டு பருவம் வந்துவிட்டது! ஏப்ரல் 9-ந் தேதி ஒரு இறுதி ஆட்டம். ஆகஸ்ட் 25-ந் தேதி அடுத்த பருவம் ஆரம்பம். நடுவில் ஏறக்குறைய நாலரை மாதம்தான். அடிபட்டவர்கள் ஆறி எழுந்திருக்க வேண்டாமா? இத்தனைக்கும், பதினெட்டு அணிகளும் ஒன்றையொன்று ஒரு தடவை சந்திக்கவே 17 சுற்று வேண்டும். 2025-ல் கிடைத்தது 12 சுற்று. இன்னும் கூட்ட வேண்டுமானால், ஆட்டத்துக்குச் சராசரியாக 6,000 பேர் நேரில் வர வேண்டும், 1,00,000 பேர் டெலிவிஷனில் பார்க்க வேண்டும் என்று அளவு வைத்திருக்கிறார்கள். 2019 இறுதி ஆட்டத்துக்கு அடிலெய்டு மைதானத்தில் 53,034 பேர் வந்தது உண்மை. ஆனால் சாதாரண ஆட்டங்களுக்குக் கூட்டம் முதல் வருஷம் போல இல்லை. அணிகள் கூடக்கூடப் பார்க்க வருகிறவர்கள் பிரிந்துபோனார்கள். நல்ல நாளும் நல்ல நேரமும் ஆண்களுக்கே ஒதுக்கிவிட்டு, "கூட்டம் வரவில்லையே" என்றால் எப்படி?

சின்ன விஷயம் போலத் தோன்றும் பெரிய விஷயம் ஒன்று, உடை மாற்றும் அறை. நாடெங்கும் சிறுமிகள் ஆட வந்துவிட்டார்கள். உள்ளூர் மைதானங்களில் இருந்ததோ ஆண்களுக்காகக் கட்டிய அறைகள். திறந்த குளியலிடம், கதவில்லாத மறைப்பு. பெண் குழந்தைகள் காருக்குள் உடை மாற்றிக்கொண்டு ஆட வேண்டியிருந்தது. மாதவிலக்குக் காலத்தில் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாநில அரசுகள் பணம் ஒதுக்கி இப்போது மாற்றிக் கட்டிவருகின்றன. வெளியூர் ஆட்டங்களில் அணிந்த வெள்ளை அரைக்கால் சட்டையையும் 2022-ல் மாற்றி, வேறு நிறத்துக்கு வந்துவிட்டார்கள். மைதானத்தில் இறங்கும் பெண்ணுக்குக் கறையைப் பற்றிய கவலை கொஞ்சம் குறைந்தது.

கேலிப் பேச்சும் குறைவில்லை. 2019 மார்ச்சில் டெய்லா ஹாரிஸ் என்ற வீராங்கனை காலை உயரத் தூக்கிப் பந்தை உதைக்கும் ஒரு போட்டோ வெளியானது. அற்புதமான படம். அதன் கீழே ஆண்கள் சிலர் எழுதிய அசிங்கத்தைத் தாங்காமல், வெளியிட்டவர்கள் படத்தையே எடுத்துவிட்டார்கள். திருட்டுப் போன வீட்டில் திருடனை விட்டுவிட்டுப் பொருளை ஒளித்துவைத்த மாதிரி! ஊரே கொதித்தது. மன்னிப்புக் கேட்டுப் படத்தைத் திரும்பப் போட்டார்கள். அதே வருஷம் செப்டம்பரில் அந்தக் காட்சியை வெண்கலச் சிலையாகவே மெல்போர்னில் வைத்தார்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்க வைத்தது முழங்கால்தான். முழங்காலுக்குள் குறுக்கே ஓடும் ஒரு தசைநார் அறுந்துபோவது இந்த ஆட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். எரின் பிலிப்ஸுக்கே 2019 இறுதி ஆட்டத்தில் அப்படி ஆயிற்று. தூக்கிக்கொண்டு போனபோது மைதானம் முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. அறுந்தால் பெரும்பாலும் ஆபரேஷன். திரும்பி ஆட ஒன்பது மாதம், ஒரு வருஷம்கூட ஆகும்.

பெண்ணின் உடம்பு வாகு ஒரு காரணம். இன்னொன்று, சின்ன வயது முதல் குதிக்கவும் திரும்பவும் முறையாகப் பழகாதது. இந்தக் காயத்தில் பெரும்பகுதி யாரும் மோதாமலே வருகிறது; குதித்துத் தரையில் இறங்கும்போதோ, ஓடுகிறபோதே சட்டென்று திரும்பும்போதோ வருகிறது. அதனால் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தாரும் லீக்கும் சேர்ந்து பெண்களுக்கென்றே ஒரு பயிற்சி முறையை வகுத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட பயிற்சிகளை விடாமல் செய்தால் இந்தக் காயத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கலாம் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

இது நம் வீட்டுப் பெண் எந்த விளையாட்டு ஆடினாலும் பொருந்தும். எனவே குறித்துக்கொள்ளுங்கள்:

ஆடுவதற்குமுன் பத்துப் பதினைந்து நிமிஷம் உடம்பைச் சூடு பண்ணிக்கொள்ளட்டும். குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி, சத்தம் வராமல் மெத்தென்று இறங்கட்டும். முழங்கால்கள் உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்கட்டும். தொடை, இடுப்புத் தசைகளுக்கு வாரம் இரண்டு மூன்று நாள் பயிற்சி தேவை. 'டொப்' என்று சத்தம் கேட்டு முழங்கால் வீங்கினால், எண்ணெய் தேய்த்து உருவிவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, இளம் தாய்மார்களுக்காக ஒரு சேதி. மெல்போர்ன் அணியின் டெய்ஸி பியர்ஸ், பிரசவம் பார்க்கும் நர்ஸாகப் பயிற்சி பெற்றவர். 2019-ல் இரட்டைக் குழந்தை பெற்றார். 2020-ல் மறுபடி களத்தில் இறங்கினார். 2022 நவம்பரில் தம் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பையை வென்றார். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, 2024 பருவத்தில் வெஸ்ட் கோஸ்ட் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். முதல் வருஷம் இருந்த எட்டே அணிகளோடு நின்றிருந்தால், வெஸ்ட் கோஸ்ட் அணியே இருந்திருக்காது.

"நிதானமாகப் போயிருக்கலாமே" என்பவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. அவசரத்தின் விலையை அந்தப் பெண்கள்தான் தங்கள் முழங்காலாலும் தூக்கத்தாலும் கொடுத்தார்கள். ஆனால் நிதானமாகப் போயிருந்தால், காத்திருந்த இன்னொரு தலைமுறை எரின் பிலிப்ஸைப் போல வேறு ஆட்டத்துக்குப் போயிருக்கும், இல்லை, வீட்டோடு இருந்திருக்கும். வளர்கிற பெண்ணுக்குப் பாவாடை எட்டவில்லை என்றால் வளராதே என்று சொல்ல முடியுமா? மடித்து வைத்த துணியைப் பிரித்துவிட்டுத் தைக்க வேண்டியதுதான். சம்பளம், ஆட்டங்கள், அறைகள், மருத்துவம் என்று அந்தத் தையல் வேலை அங்கே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அதைச் செய்ய வேண்டியவர்கள் ஆட்டக்காரிகள் அல்ல, லீக்கை நடத்துகிறவர்கள்!