தவணைக்கு முன் தேயும் கருவி

சித்தூரிலும் திருப்பதியிலும் வாகனப் பட்டறை தொடங்குவோர், முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ.50,000 வரை கடன் பெற்றுக் கருவிகள் வாங்க இயலும். கடையில் மலிவான சாக்கெட் செட்டின் பளபளப்பு கண்ணைக் கவரும். 'குரோம் வனேடியம்' என்னும் முத்திரையோ உலோகக் கலவையை மட்டுமே குறிக்கும்; உறுதியைத் தருவது முறையான வெப்பப் பதப்படுத்தல். அதனைக் கண்ணால் அறிய இயலாது. ஆகவே, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் உறையில் உள்ளனவா, உடைந்தால் மாற்றித் தருவார்களா என்று முதலில் கேட்போம். இறுகிய நட்டுக்குப் பன்னிருமுனைச் சாக்கெட்டைவிட அறுமுனையே ஏற்றது. முனைகளை எளிதில் மழுக்காது. நாற்பது துண்டுகள் கொண்ட பெட்டியைவிட, அன்றாடம் பயன்படும் 10, 12, 14, 17 மி.மீ. அளவுகளில் தரமானவை சிலவே மேல் என்பது எம் கருத்து. கடன் தீருமுன் தேயும் கருவி மலிவானதன்று.