இரும்புக்கும் திசை உண்டு

"இரும்பு இரும்புதானே சார், அதில் என்ன உசத்தி, மட்டம்?" டிரான்ஸ்பார்மர் விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் இப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பழைய இரும்புக் கடைக்கு அந்தக் கணக்கு சரி. காந்தத்துக்கு அது ஒத்துவராது.

இரும்பில் அணுக்கள் கனசதுரம் கனசதுரமாக அடுங்கி இருக்கின்றன. அந்தக் கனசதுரத்தின் விளிம்பை ஒட்டிய திசையில் காந்தம் சுலபமாக ஏறும். எதிரெதிர் மூலைகளை இணைக்கும் திசையில் ஏற்ற வேண்டுமானால் பலம் அதிகம் தேவை. நிக்கலில் இது அப்படியே தலைகீழ். கோபால்ட்டின் அறுகோணப் படிகத்தில் நெடு அச்சுதான் சுலபமான வழி. ஜப்பானில் ஹோண்டாவும் காயாவும் இரும்பின் ஒற்றைப் படிகத்தில் இதை 1926-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். விறகு பிளக்கிறவர் ரேகை பார்த்துத்தான் கோடாலியைப் போடுவார். அந்த விவரம்கூட நம் கொள்முதல் கமிட்டிகளுக்கு இல்லை.

சாதாரணத் தகட்டில் படிகங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கிடக்கும். அமெரிக்காவின் நார்மன் காஸ் 1934-ல் காப்புரிமை பெற்ற முறை அவற்றை ஒழுங்குபடுத்தியது. சிலிக்கான் கலந்த எஃகைக் குளிர்நிலையில் உருட்டி, சூடேற்றி, மறுபடி உருட்டினால், படிகங்களின் விளிம்புகள் உருட்டிய திசையிலேயே படுத்துக்கொள்ளும். நாம் சி.ஆர்.ஜி.ஓ. என்கிற தகடு இதுதான். நம் மின்சாரத்தில் காந்தம் வினாடிக்கு 100 தடவை புரள்கிறது. சுலபமான திசையில் புரண்டால் சூடாக வீணாவது குறைவு.

இப்படிப் பாடுபட்டு உண்டாக்கிய தகட்டைச் சிலர் என்ன செய்கிறார்கள்? கழித்துக் கட்டிய டிரான்ஸ்பார்மரை உடைத்து, தகட்டை உருவி, திசை பார்க்காமல் மறுபடி வெட்டி அடுக்கிப் புதுப் பெயின்ட் அடிக்கிறார்கள். குறுக்கே வெட்டினால் திசை போச்சு. வளைத்தாலும் தட்டினாலும் தகடு கெடும். உலையில் வைத்துப் பதப்படுத்தினால்தான் ஓரளவு மீளும். அதை யார் செய்கிறார்கள்?

"நல்ல தகடு பெரும்பாலும் இறக்குமதி, விலை அதிகம்" என்பார்கள். உண்மைதான். ஆனால் கோரில் ஆகும் இழப்புக்கு ஓய்வே கிடையாது. வீட்டில் ஒரு விளக்குகூட எரியாவிட்டாலும் 24 மணி நேரமும் அது ஓடும். 100 வாட் கூடுதலாக வீணானால் ஆண்டுக்கு 876 யூனிட். 25 ஆண்டில் 21,900 யூனிட். விலையில் மிச்சம் பிடித்ததாகச் சொன்னவர் அதற்குள் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். பணம் கட்டுவது நாம்.

நம் தரநிலையிலும் எனக்குக் குறை உண்டு. பகிர்மான டிரான்ஸ்பார்மருக்கு அது பாதிச் சுமையிலும் முழுச் சுமையிலும் மொத்த இழப்புக்குத்தான் உச்சவரம்பு வைக்கிறது. கோரில் கோட்டை விட்டதைச் சுருளில் சரிக்கட்டி அந்த வரம்புக்குள் நுழைந்துவிடலாம். சுமை குறைந்த இரவு நேரங்களில் கோர் இழப்புதான் பெரிது. அதற்குத் தனி வரம்பு வேண்டும்.

அடுக்குமாடிச் சங்கங்களில் பொறுப்பில் இருக்கும் நண்பர்களே, உங்கள் வளாகத்துக்கு டிரான்ஸ்பார்மர் வாங்கினால், சுமையில்லா இழப்பு எத்தனை வாட் என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு பக்கம் மின்அழுத்தம் கொடுத்து, மறுபக்கத்தை எதிலும் இணைக்காமல் விட்டு, வாட் மீட்டரில் உங்கள் கண்முன் அளந்து காட்டச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.