கேட்டபின் எழுப்புவோம்

பொது இடத்தில் ஓர் உருவத்தை நிறுவப் பணம் மட்டும் போதுமென்று எண்ணிவிடுகிறோம். நன்கொடையாளர் கிடைத்துவிட்டார், சிற்பியும் இசைந்துவிட்டார், திருவிழாவும் நெருங்கிவிட்டது. இனி என்ன தடை? அவ்வழியே நாள்தோறும் நடக்கப் போகிறவர்களை நாம் இன்னும் கேட்கவில்லை என்பதே தடை.

கேளாமல் எழுப்புவதன் விலையை நியூயார்க் நகரம் அறியும். அங்கே அரசு அலுவலகச் சதுக்கம் ஒன்றில் அமெரிக்க நடுவண் அரசு 1981-இல் ஒரு சிற்பத்தை நிறுவியது. ரிச்சர்ட் செர்ரா படைத்த ‘டில்ட்டட் ஆர்க்’ அது. ஏறத்தாழ 36 மீட்டர் நீளமும் ஆளுயரத்தின் இருமடங்கும் கொண்ட வளைந்த எஃகுச் சுவர். வழி மறிக்கிறதென்று அங்கே பணியாற்றியோர் முறையிட்டனர். 1985-இல் பொது விசாரணை நடந்தது. பேசிய 180 பேரில் 122 பேர் சிற்பத்தைக் காக்கவே வேண்டினர். ஆயினும் 1989-இல் ஓர் இரவில் அது அறுத்து அகற்றப்பட்டது. கலைஞர் தம் படைப்பை இழந்தார். மக்களோ இரு கூறாய்ப் பிரிந்தனர். முதலில் கேட்க வேண்டியதை இறுதியில் கேட்டதன் விளைவன்றோ இது?

‘பாமரருக்குக் கலை தெரியுமா?’ என வினவுவோர் நம்மிடையே உளர். அவர்கள் சென்னை மெரினாவிற்குச் செல்லட்டும். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையில் மன்னருமில்லை, தலைவருமில்லை. பாறை பெயர்க்கும் பெயரற்ற நால்வரே உளர். அதனைத் தமதென ஏற்ற தொழிலாளர் மே நாளில் அங்கே திரளுகின்றனர். தம்மை மதிக்கும் கலையை மக்கள் நன்கறிவர்.

திருவழிபாடு பற்றிய ஏட்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-லேயே, பகட்டைவிட மாண்புமிகு அழகை நாடவும், ஆலயச் சுரூபங்களின் எண்ணிக்கையில் அளவு காக்கவும் பணித்தது. நாமோ புனிதரின் பெயரைவிட உபயதாரரின் பெயரைப் பெரிதாகப் பொறிக்கிறோம். அயலார் வாசலை மறைத்துக் கெபி கட்டிவிட்டு, அதனை அன்பின் சான்று என்கிறோம்!

ஆதலின், பங்குப் பேரவை முடிவெடுக்குமுன் அத்தெருவினரைக் கூட்டட்டும். பிற சமயத்தாரையும் சமமாய் அமர்த்தட்டும். உருவத்தின் உயரத்தையும் அகலத்தையும் அவ்விடத்திலேயே மூங்கில் நட்டுக் காட்டட்டும். தூசு துடைக்கவும் வண்ணம் புதுப்பிக்கவும் ஆகும் செலவை முன்னதாகவே ஒதுக்கட்டும். ‘வேண்டாம்’ என மக்கள் சொன்னால் கைவிடவும் துணியட்டும்.

கேளாமல் எழுப்பிய சுரூபம், அயலாருக்கு மற்றுமொரு சுவரே.