இடித்த வீட்டுச் செங்கல்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். கடைக்குக் கடை பழைய தூண்கள், கதவுகள், நிலைகள், பீங்கான் ஜாடிகள்! எல்லாம் ஒரு காலத்தில் செட்டிநாட்டு வீடுகளில் இருந்தவை. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு, இன்னொரு வீட்டுக்குப் போகக் காத்து நிற்கிறது. அதை வாங்க வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

தூணுக்கு இந்த மரியாதை. செங்கல் சுவருக்கு? பல ஊர்களில் அதைக் கேட்பார் இல்லை. வீட்டை இடித்ததும் லாரியில் அள்ளிக்கொண்டுபோய் ஏரிக்கரையிலோ சாலை ஓரத்திலோ கொட்டிவிடுகிறார்கள். ஏரி தூர்ந்தால் மழைத் தண்ணீர் தெருவுக்குத்தான் வரும்.

செங்கல் சும்மா கிடைப்பதில்லை. நல்ல மண்ணை வெட்டி, குழைத்து, அறுத்து, காயவைத்து, சூளையில் விறகோ நிலக்கரியோ எரித்துச் சுட வேண்டும். நன்றாகச் சுட்ட கல் நூறு ஆண்டுக்குப் பிறகும் கல்லாகவே இருக்கும். அதைக் குப்பையில் போட்டுவிட்டு, புதுக் கல்லுக்காக வேறொரு வயலின் மேல்மண்ணை வெட்டுவது என்ன நியாயம்?

முன்பெல்லாம் சுண்ணாம்புக் காரை வைத்துச் சுவர் எழுப்பினார்கள். அந்தக் காரை செங்கல்லைவிட மென்மையானது. கடப்பாரையால் நெம்பினால் கல் முழுசாகக் கழன்று வரும். ஒட்டிய காரையைத் தட்டினால் உதிர்ந்துவிடும். சிமெண்டுச் சாந்து அப்படியல்ல. அதிகமாகச் சிமெண்டு போட்டுக் கலந்தால் கல்லைவிடக் கெட்டியாக இறுகிவிடுகிறது. பிரிக்கப் போனால் கல்தான் உடைகிறது. மூட்டை மூட்டையாகச் சிமெண்டு கொட்டுவதில் பலருக்கு ஒரு பெருமை! சாதாரணச் சுவருக்கு அவ்வளவு தேவையில்லை. கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்த்துக் கலந்தால் பூசவும் எளிது. பின்னாளில் கல்லும் முழுசாகக் கிடைக்கும்.

அவசரமும் ஒரு காரணம். சென்னையில் பல சமயம் இடிக்கும் ஒப்பந்தக்காரரே வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு இடிக்கிறார். மரத்தையும் இரும்பையும் விற்று அந்தப் பணத்தை எடுத்துக்கொள்கிறார். கல்லைப் பிரிக்க ஆள் வேண்டும், நாள் வேண்டும். இயந்திரமோ வந்த வேகத்தில் சுவரை நொறுக்கிவிடுகிறது. வீட்டுக்காரர் சில நாள் பொறுத்தால் ஆயிரக்கணக்கில் கல் மிஞ்சும். கல் சுத்தம் செய்கிறவர்களுக்குக் கூலி கிடைக்கும். மாட்டுக் கொட்டகையோ ஒற்றை அறையோ கட்டுகிற ஏழைக் குடும்பத்துக்குச் சல்லிசாகக் கல் கிடைக்கும்.

பழையது எல்லாமே நல்லது என்று வாங்கிவிடக் கூடாது. இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீர் என்று ஒலிக்க வேண்டும். உப்புப் பூத்த கல்லை ஒதுக்க வேண்டும். மரத்தில் கரையான் இருக்கிறதா என்று குத்திப் பார்க்க வேண்டும். வளைந்த பழைய கம்பியை நிமிர்த்தித் தூணிலும் உத்தரத்திலும் போடுவது ஆபத்து. அது உருக்காலைக்குப் போக வேண்டியது. ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை உடைக்கவே கூடாது. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும்.

உடைந்து போன கான்கிரீட்டையும் வீணாக்க வேண்டியதில்லை. கட்டட இடிபாடுகளுக்கென்றே மத்திய அரசாங்கம் 2016-ல் தனி விதிகள் வெளியிட்டது. அதே ஆண்டு, ஜல்லிக்கும் மணலுக்கும் உரிய ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தர விதியும் திருத்தப்பட்டது. பழைய கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லியைக் கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை சேர்க்கலாம் என்று அது சொல்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்-25 தரம் வரை 20 சதவீதம் சேர்க்கலாம். விதி இடம் கொடுத்துவிட்டது. மேஸ்திரிதான் இன்னும் இடம் கொடுக்கவில்லை!

மேஸ்திரியைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்கிற ஆள் இருந்தால் அவரும் வாங்குவார். அரசாங்கமே முதலில் கேட்கட்டும். பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், நடைபாதை போன்ற வேலைகளின் டெண்டரில், பழைய கல் இவ்வளவு, உடைத்த ஜல்லி இவ்வளவு என்று எழுதினால் ஒப்பந்தக்காரர்கள் தேடிப் பிடித்துக் கொண்டுவருவார்கள். வீட்டை இடிக்க அனுமதி தரும்போதே, எந்தப் பொருள் எங்கே போகிறது என்று நகராட்சி எழுதி வாங்கிக்கொள்ளலாம். பிரித்த கல்லை அடுக்கி வைக்க ஊருக்கு ஒரு காலி இடம் ஒதுக்குவதும் பெரிய செலவு அல்ல.