குழந்தையிலேயே ஹார்ட் ஆபரேஷன் முடிஞ்சாச்சு... 22 வயசுல ஆஞ்சியோ எதுக்கு?

ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்றாலே சுகர், கொலஸ்ட்ரால், ஐம்பதைத் தாண்டிய வயசு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால், இருபதுகளில் இருக்கும் சிலருக்கும் அது தேவைப்படலாம். பிறவி இதயக் குறைபாட்டுக்காகக் கைக்குழந்தையாக இருந்தபோதே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இவர்கள்.

என்ன குறைபாடு?

ஏறக்குறைய 100 குழந்தைகளில் ஒன்று இதயக் குறைபாட்டோடு பிறக்கிறது. அதில் ஒரு வகையில், இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக் குழாய்களும் இடம் மாறியிருக்கும். 1975-ல் பிரேசில் டாக்டர் அடிப் ஜட்டெனே அவற்றை வெட்டி, சரியான இடத்தில் மாற்றித் தைத்து வெற்றி கண்டார். 'ஆர்ட்டீரியல் ஸ்விட்ச்' எனும் அந்த ஆபரேஷன்தான் இன்றும் இந்தக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறது.

சிக்கல் எங்கே?

இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரி குழாய்களையும் இதில் எடுத்து வேறு இடத்தில் பொருத்த வேண்டும். பச்சைக் குழந்தைக்கு அவை ஓரிரு மில்லிமீட்டர் அகலம்தான். பொருத்திய இடம் பின்னாளில் சிலருக்குச் சுருங்கலாம், மடங்கலாம். இது கொழுப்பால் வரும் அடைப்பு இல்லை. ஆபரேஷனில் இதயத்தின் நரம்புகளும் துண்டிக்கப்படுவதால், ரத்தம் குறைந்தாலும் நெஞ்சு வலி தெரியாமலே போகலாம். அதுதான் பெரிய ஆபத்து.

எல்லோருக்கும் ஸ்டென்ட் வைக்கலாமா?

முடியாது. குழந்தை வளரும், ஸ்டென்ட் வளராது. பிறகு பலூனால் கொஞ்சம் விரிக்கலாம், அதற்கும் எல்லை உண்டு. குழாய் வெளியிலிருந்து நசுங்கினால் ஸ்டென்ட்டும் நசுங்கலாம். அப்போது ஆபரேஷன்தான் பெரும்பாலும் வழி. வளர்ச்சி முடிந்த இளைஞர்களுக்கு கதீட்டர் சிகிச்சை நல்ல வாய்ப்பு. ஆனால், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

யார் கவனிக்க வேண்டும்?

'ஆபரேஷன் சக்சஸ், இனி பயமில்லை' என்ற நிம்மதிதான் இங்கே பிரச்னை. 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே. குழந்தைகள் நலத் திட்டம் 18 வயசு வரைதான். அதன்பிறகு குழந்தைகள் டாக்டரிடமும் போக முடியாது. அடுத்து யாரிடம் போவது என்றும் தெரியாது. வேலைக்காக ஊர் மாறும்போது ஃபைல் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. கல்யாணப் பேச்சு வந்தால், குறிப்பாகப் பெண்களுக்கு, அது பீரோவுக்குள் ஒளிந்துகொள்கிறது. கர்ப்ப காலத்தில் இதயத்துக்கு வேலை கூடும்போதுதான் அந்த ஃபைல் ரொம்பவே தேவைப்படும்.

இப்படி ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோர் நன்றாகவே வாழ்கிறார்கள். எல்லோருக்கும் ஆஞ்சியோ வேண்டாம். தொடர்ந்து செக்கப் வேண்டும், இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், சி.டி. இவற்றில் எது தேவை என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

18 வயசு ஆனதும் இவர்களைப் பெரியவர்களுக்கான இதய டாக்டரிடம் முறையாக ஒப்படைக்கும் கடிதம் கட்டாயமாக வேண்டும். பிறவி இதயக் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கென அரசு மருத்துவக் கல்லூரிகளில் தனி ஓ.பி. நாள் வேண்டும். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களே அடுத்த கதவு எது என்றும் காட்டிவிட வேண்டும். அதுவரை, நெஞ்சில் தழும்பு இருப்பவர்கள் இன்றே ஒன்று செய்யலாம்: பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளலாம்.